நாடு கடத்தப்பட்ட பாட்டு

ஒரு தேசம் சுதந்திரத்தை இழந்தால் அதன் கோட்டைகளில் வேற்றுக் கொடி பறக்கிறது; நியாயஸ்தலங்களில் வேற்று மொழி ஆட்சி செய்கிறது; பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தாய்மொழியில் வாய் திறக்க அஞ்சுகிறார்கள். இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் நஷ்டங்கள். கண்ணுக்குத் தெரியாத நஷ்டம் ஒன்றும் உண்டு. அத்தேசத்தின் பாட்டு நாளடைவில் ஊமையாகிவிடுகிறது. கொடியை ஒரே நாளில் இறக்கிவிடலாம். கொடுஞ்சட்டத்தை ஒரு கையெழுத்தினால் ரத்து செய்துவிடலாம். ஊமையாகிப்போன பாட்டுக்கு மறுபடியும் வாய் அளிப்பதோ அத்தனை எளிய காரியமன்று.

அந்த அரிய காரியத்தைச் செய்து காட்டிய ஒரு ஸங்கீத கோஷ்டியைப் பற்றியே இன்று நாம் எழுத முற்பட்டிருக்கிறோம். ஹெஸ்பேரியன் என்பது அதன் பெயர். 1974-ஆம் ஆண்டில் ஸ்விட்ஸர்லாந்தின் பாஸல் நகரத்தில் நால்வர் கூடி அதை நிறுவினார்கள். அரை நூற்றாண்டுக்கு மேலாக ஐரோப்பாவின் பழைய ஸங்கீதத்தை ஏட்டுச் சுவடிகளிலிருந்து எழுப்பி மேடையேற்றிய பெருமை அக்கோஷ்டிக்கு உண்டு. அரசியல் வேலையில் ஆழ்ந்திருக்கும் நம் வாசகர்களிற் சிலர், "எங்கோ இருக்கும் வாத்தியக்காரர்களின் கதை நமக்கு எதற்கு?" என்று கேட்கக்கூடும். தேசாபிமானம் என்பது இன்னது, வெறும் தேசச் செருக்கு என்பது இன்னது என்று பிரித்தறிய விரும்புகிறவர்களுக்கு இந்தக் கதையைவிடத் தெளிவான திருஷ்டாந்தம் கிடைப்பது அரிது என்பதே நமது விடை. முடிவு வரையில் வாசித்த பிறகு அவர்கள் தீர்ப்புக் கூறட்டும்.

பரணில் போட்ட வாத்தியங்கள்

ஸங்கீதமும் ரயில் வண்டியைப்போல நாளுக்கு நாள் முன்னேறிக்கொண்டே போவது என்ற எண்ணம் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் வேரூன்றியிருந்தது. பியானோ வந்த பிறகு ஹார்ப்ஸிகார்டு எதற்கு? செல்லோ வந்த பிறகு வியோலா த காம்பா எதற்கு? இவ்வாறு கருதிப் பழைய வாத்தியங்களைப் பரணில் போட்டுவிட்டார்கள். வியோலா த காம்பா என்பது முழங்கால்களுக்கிடையே நிறுத்தி, உள்ளங்கை மேல்நோக்கியிருக்க வில்லைப் பிடித்து வாசிக்கும் தந்தி வாத்தியம். ஆறு அல்லது ஏழு நரம்புத் தந்திகளும், வீணையைப்போலக் கழுத்தில் மெட்டுக்களும் அதற்கு உண்டு. பதினைந்தாம் நூற்றாண்டில் ஸ்பெயின் தேசத்துக் கீழ்க்கரையிலுள்ள வாலென்ஸியாப் பிரதேசத்தில் உருவாகி, இத்தாலி, பிரான்ஸு, இங்கிலாந்து முதலிய நாடுகளில் அரசர் சபைகளையெல்லாம் ஆண்ட வாத்தியம் அது. அதன் கடைசி மஹா வித்துவானாகிய ஆபெல் 1787-ல் லண்டனில் இறந்ததோடு அதன் நாதமும் ஏறக்குறைய அடங்கிவிட்டது.

பரணிலிருந்து அவற்றைக் கீழே இறக்கும் வேலையை முதலில் தொடங்கியவர்களில் ஆர்னால்ட் டோல்மெட்ச் என்பவர் முக்கியமானவர். இங்கிலாந்தில் குடியேறிய அவர் பழைய வாத்தியங்களைத் தம் கையாலேயே செய்தார். 1925-ல் ஹாஸில்மியர் என்னும் ஊரில் அவற்றுக்கென ஒரு விழாவையும் ஆரம்பித்தார். 1933-ல் பாஸல் நகரத்தில் பழைய ஸங்கீதத்தை முறையாகக் கற்பிக்க ஒரு வித்யாசாலை ஏற்பட்டது. 1935-ல், கட்டலோனியாவின் தலைநகராகிய பார்ஸலோனாவில், லமாஞா என்பவர் 'ஆர்ஸ் மூஸிக்கே' என்ற கோஷ்டியை நிறுவினார். ஆனால் அது பிறந்த வேளை நல்ல வேளையன்று. அடுத்த ஆண்டிலேயே ஸ்பெயினில் உள்நாட்டு யுத்தம் மூண்டுவிட்டது.

சட்டத்திற்கு உகாத பெயர்

கட்டலோனியா ஸ்பெயினின் வடகிழக்கு மூலையில் இருப்பது. அதன் மொழியாகிய கட்டலான், ஸ்பானிய மொழியின் கிளையன்று. லத்தீனிலிருந்து நேரே பிறந்து, தனக்கென நெடிய இலக்கியத்தை உடைய தனி மொழி. 1932-ல் அம்மக்கள் ஸ்வய ஆட்சிச் சட்டம் ஒன்றைப் பெற்றார்கள். 1938-ல் தளபதி பிராங்கோ அதை ரத்து செய்தார். 1939 ஜனவரியில் பார்ஸலோனா வீழ்ந்தது. பள்ளிக்கூடங்களிலிருந்தும் அரசாங்கக் காரியாலயங்களிலிருந்தும் கட்டலான் மொழி துரத்தப்பட்டது. பிறந்த குழந்தைக்குக் கட்டலான் மொழியில் பெயரைப் பதிவு செய்யவும் இடமில்லாமற் போயிற்று.

அப்பெருங்கொடுமைக்கு ஸங்கீத உலகத்திலிருந்து எழுந்த முதற் குரல் செல்லோ வித்துவான் பாவ் காஸல்ஸ் என்பவருடையது. யுத்தத்தில் குடியரசு தோற்றதும் அவர் நாட்டைவிட்டு வெளியேறி, எல்லைக்கு அப்பால் பிரான்ஸிலுள்ள பிராத் என்னும் சிற்றூரில் தங்கினார். பிராங்கோவின் ஆட்சியை அங்கீகரித்த நாடுகளில் வாசிப்பதில்லை என்று விரதம் பூண்டார். 1973-ல் போர்ட்டோ ரிக்கோவில் காலமாகும் வரையில் அவர் பிராங்கோவின் ஸ்பெயினில் வாழத் திரும்பவில்லை. 1979-ல் அவருடைய எலும்புகளே தாய்நாட்டுக்குத் திரும்பின.

அந்த இருண்ட நாட்களில், 1941-ல், பார்ஸலோனாவுக்கு அருகிலுள்ள இகுவலாதா என்ற ஊரில் ஜோர்தி ஸவால் பிறந்தார். ஜோர்தி என்பது கட்டலோனியாவின் காவல் தெய்வமாகிய ஸந்நியாசி ஜார்ஜின் கட்டலான் பெயர். அந்தப் பெயரே அக்காலத்துச் சட்டத்திற்கு உகந்ததன்று! ஆறு வயதில் பாடகர் குழுவில் சேர்ந்த அவர் பின்பு பார்ஸலோனாவில் செல்லோ பயின்றார். பழைய காலத்து உருப்படிகளை ஆராயப் புகுந்தபோது, அவற்றுட் பல வேறொரு வாத்தியத்திற்காக இயற்றப்பட்டவை என்று கண்டார். 1965-ல் வியோலா த காம்பாவைக் கையிலெடுத்தார். அருகிருந்து கற்பிக்கும் ஆசான் இல்லாமல், பழைய நூல்களையே குருவாகக் கொண்டு வாசிக்கப் பழகினார்.

பார்ஸலோனாவில் பிறந்த மொன்ஸெர்ராத் பிகேராஸ் என்னும் பாடகியும் அவரும் 'ஆர்ஸ் மூஸிக்கே' கோஷ்டியில் பங்கு கொண்டவர்கள். 1968-ல் இருவரும் மணம் புரிந்து பாஸல் சென்று, அங்குள்ள வித்யாசாலையில் சேர்ந்தார்கள். ஆறு ஆண்டுகள் கழித்து லோரென்ஸோ அல்பெர்ட், ஹாப்கின்ஸன் ஸ்மித் என்ற இரு வாத்தியக்காரர்களோடு சேர்ந்து தங்கள் சொந்த கோஷ்டியை ஆரம்பித்தார்கள். ஹெஸ்பேரியா என்றால் மேற்றிசை நாடு. பண்டைக் கிரேக்கர் இத்தாலியையும் ஐபீரியாவையும் அப்பெயரால் அழைத்தார்கள். அதனோடு இருபது என்ற எண்ணைக் கூட்டி 'ஹெஸ்பேரியன் இருபது' என்று பெயரிட்டார்கள். பாட்டு பழையதாயினும் அதைப் பாடுகிற நாம் இருபதாம் நூற்றாண்டு மனிதர் என்பதை மறைக்காத பெயர் அது. 2000-ஆம் ஆண்டில் அவ்வெண் இருபத்தொன்று ஆயிற்று.

சாட்சி இல்லாத வழக்கு

இக்கோஷ்டியின் வேலை எத்தன்மையது என்பதைச் சற்று விளக்கவேண்டும். வழக்கறிஞர் தொழிலில் பழகிய நமக்கு அது ஒரு பழைய உயிலை ருசுப்படுத்தும் காரியத்தை ஒத்ததாகத் தோன்றுகிறது. எழுதியவனும் இறந்தான்; சாட்சிக் கையொப்பமிட்டவர்களும் இறந்தார்கள். மிஞ்சியது ஏடு ஒன்றே. அந்த ஏடு எங்கே யார் காவலில் இருந்தது, எழுத்து எக்காலத்தது, சூழ்ந்திருந்த நிலைமைகள் யாவை என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்தே உண்மையை அணுகவேண்டும்.

'அரண்மனைப் பாட்டுப் புத்தகம்' என்று வழங்கும் சுவடியை உதாரணமாகக் கொள்வோம். பெர்டினான்டு, இஸபெல்லா என்ற அரச தம்பதிகளின் காலத்துப் பாட்டுக்கள் ஏறக்குறைய 460 அதில் அடங்கியுள்ளன. மாட்ரிட் அரண்மனைப் புத்தகசாலையில் உறங்கிக் கிடந்த அதைக் கண்டெடுத்து 1890-ல் அச்சிட்டவர் பார்பியேரி என்ற ஸங்கீத வித்துவான். அச்சிட்டதோடு வேலை தீர்ந்ததா? ஸ்வரம் இருக்கிறது; சாகித்தியம் இருக்கிறது. இன்ன வாத்தியம் வாசிக்கவேண்டும் என்ற குறிப்பு இல்லை, காலப்பிரமாணம் இல்லை, எங்கே அலங்காரம் செய்வது, எங்கே விடுவது என்ற விதி இல்லை. கீர்த்தனைப் புத்தகத்தை மட்டும் கையில் கொடுத்து, ஒருநாளும் கச்சேரி கேட்டறியாத ஒருவனைப் பாடச் சொன்னால் என்ன ஆகும் என்று வாசகர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

ஸவாலும் அவருடைய சகாக்களும் வேறு சாட்சியங்களைத் தேடினார்கள். கோயிற் சுவர்களிலும் திரைச்சித்திரங்களிலும் வில்லைப் பிடித்திருக்கும் கையைப் பார்த்தார்கள். பழைய வாத்தியங்களையும், அவற்றைப் பின்பற்றிச் செய்தவற்றையும் வாசித்து அவற்றின் நாதத்தைக் கேட்டார்கள். தியேகோ ஒர்த்திஸ் என்பவர் 1553-ல் ரோமாபுரியில் அச்சிட்ட நூல் அவர்களுக்குப் பெரிய துணையாயிற்று. மாறாத ஓர் அடிநிலை ஸ்வரக் கட்டின்மேல் வாத்தியக்காரன் தன் கற்பனையைக் கொண்டு எவ்வாறு பின்னிச் செல்வது என்பதை அந்நூல் கற்பிக்கிறது. மனோதர்மம் என்று நம்மவர் போற்றும் கலை ஐரோப்பாவிலும் ஒரு காலத்தில் செழித்திருந்தது. அச்சடித்த ஸ்வரத்துக்கு அடிமையான பிற்காலத்தில் அதை மறந்தார்கள் என்பது இதனால் விளங்கும். அப்பழைய மனோதர்மத்தை மேடையில் மீண்டும் உலவவிட்டதே ஹெஸ்பேரியன் கோஷ்டியின் தனிச்சிறப்பு.

தேசாபிமானத்தின் சோதனை

1975 நவம்பரில் பிராங்கோ மாண்டார். சிறைப்பட்ட மொழி வெளியே வரத் தொடங்கியது. அந்த வேளையில் ஒரு கட்டலான் கலைஞன் என்ன செய்வான் என்று நாம் எதிர்பார்ப்போம்? தன் இனத்தாரின் பழம் பெருமையை மட்டுமே பறையறைவான் என்றல்லவா? ஹெஸ்பேரியன் கோஷ்டியார் தங்கள் ஆரம்ப வெளியீடுகளில் ஒன்றாக 1976-ல் பதிந்த இசைத்தட்டுக்களின் விஷயம் வேறு. 1450 முதல் 1550 வரையில் ஸ்பெயினில் வழங்கிய கிறிஸ்தவர் பாட்டுக்களையும் யூதர் பாட்டுக்களையும் அவற்றில் அவர்கள் சேர்த்து வெளியிட்டார்கள்.

இதன் பொருளை அறிய 1492-ஆம் ஆண்டை நினைவு கூரவேண்டும். கொலம்பஸ் கப்பலேறிய ஆண்டு என்றே அதை எல்லோரும் படித்திருக்கிறோம். அவ்வாண்டு ஜனவரியில் கிரானாடாவின் முஸ்லிம் அரசு வீழ்ந்தது. மார்ச்சு 31-ஆந் தேதி, ஞானஸ்நானம் பெறாத யூதர் அனைவரும் நான்கு மாதங்களுக்குள் நாட்டைவிட்டு வெளியேறவேண்டுமென்று அரச தம்பதிகள் கட்டளையிட்டார்கள். தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணில் வாழ்ந்த குடிகள், வீட்டுச் சாவியையும் பாட்டையும் எடுத்துக்கொண்டு கப்பலேறினார்கள். ஸலோனிகா, இஸ்தான்புல், ஸராஜீவோ, மொராக்கோ நகரங்கள் என்று அவர்கள் போய்ச் சேர்ந்த இடங்களிலெல்லாம் தாய்மார்கள் பழைய ஸ்பானிய மொழியிலேயே தாலாட்டுப் பாடினார்கள். தங்களைத் துரத்திய நாட்டின் பாட்டை நானூறு, ஐந்நூறு ஆண்டுகள் காத்தார்கள். 1609 முதல் 1614 வரையில், மதம் மாறியிருந்த முஸ்லிம் வம்சத்தாரும் சுமார் மூன்று லக்ஷம் பேர் வெளியேற்றப்பட்டார்கள். ஆண்டலூஸிய ஸங்கீதம் வட ஆப்பிரிக்காவில் இன்றும் உயிருடன் இருக்கிறது.

துரத்தினவர் யார்? பிற்காலத்துச் சர்வாதிகாரி ஒருவர் மட்டுமா? இல்லை. கட்டலோனியாவும் உட்பட்ட அக்காலத்து ராஜ்யங்கள் அனைத்திலும் அக்கட்டளை செல்லுபடியாயிற்று. தம் மொழியைப் பிறர் மிதித்ததைக் கண்டு கொதித்த ஸவாலும் பிகேராஸும், தம் முன்னோர் பிறருடைய பாட்டை மிதித்ததையும் மறைக்கவில்லை. தேசாபிமானத்திற்கு இதுவே உண்மையான சோதனை என்று நாம் கருதுகிறோம். தனக்கு இழைக்கப்பட்ட அநீதியை எவனும் நினைவில் வைத்திருப்பான். தன் வீட்டார் இழைத்த அநீதியையும் அதே தராசில் வைப்பவனே நீதியின் கட்சிக்காரன்.

ஸ்பெயின் பார்லிமெண்டு இதில் எவ்வளவு பிந்தி வந்தது என்பதும் கவனிக்கத்தக்கது. அன்று வெளியேற்றப்பட்ட யூதர்களின் சந்ததியாருக்குக் குடியுரிமை அளிக்கும் சட்டம் 2015-ல் நிறைவேறியது. 2019-ல் மனுப் பெறும் தவணையும் முடிந்துவிட்டது. வெளியேற்றப்பட்டவர்களின் பாட்டுக்குக் கலைஞர் வீட்டில் இடம் கிடைத்து 39 ஆண்டுகள் சென்ற பின்னரே அவர்களுடைய சந்ததிக்குச் சட்டம் கதவைத் திறந்தது. சட்டத்தொழிலில் உள்ள நாம் இதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்ளவேண்டியிருக்கிறது.

சிவப்புப் புத்தகமும் கத்தியேந்திய பாட்டும்

தாய்நாட்டின் சொத்தை அவர்கள் புறக்கணித்தார்களென்று யாரும் நினைக்கலாகாது. கட்டலோனியர் கைலாசமாகப் போற்றும் மலை மொன்ஸெர்ராத். பிகேராஸ் அம்மையார் தாங்கியதும் அம்மலையின் பெயரே. அங்குள்ள மடம் பிராங்கோ காலத்தில் கட்டலான் மொழிக்கு அடைக்கலம் தந்தது. 1970 டிஸம்பரில், ராணுவ விசாரணை ஒன்றைக் கண்டித்துச் சுமார் 300 எழுத்தாளரும் கலைஞரும் அம்மடத்துக்குள் தங்களை அடைத்துக்கொண்டு பிரகடனம் வெளியிட்டார்கள். அந்த மடத்தில் 1399-ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட சுவடி ஒன்று உண்டு. பிற்காலத்துச் சிவப்பு அட்டையினால் அதற்குச் 'சிவப்புப் புத்தகம்' என்று பெயர். இரவில் கண்விழித்திருக்கும் யாத்திரிகர் பாடவும் ஆடவும் ஆசைப்படுவார்கள். அவர்களுக்குத் தகுந்த பாட்டுக்கள் வேண்டும் என்ற கருத்துடன் மடத்துத் துறவிகள் அதில் பத்துப் பாட்டுக்களை எழுதி வைத்தார்கள். வட்டமாகக் கைகோத்து ஆடுவதற்கான பாட்டுக்களும் அவற்றில் உண்டு.

1811-ல் நெப்போலியன் படையினர் மடத்தின் புத்தகசாலையைத் தீக்கிரையாக்கினார்கள். பிரபு ஒருவர் அதற்கு முன்பே வாங்கிச் சென்றிருந்தபடியால் இச்சுவடி மட்டும் பிழைத்தது. 172 ஏடுகளில் 137 எஞ்சியிருக்கின்றன. அப்பத்துப் பாட்டுக்களையும் ஹெஸ்பேரியன் கோஷ்டியார் 1978-ல் பதிந்தார்கள். ஆறு நூற்றாண்டுகளுக்கு முன் மலையேறிய ஏழை யாத்திரிகனின் குரல் அதில் கேட்கிறது.

மற்றொன்று, 'ஸிபில்லாவின் பாட்டு.' உலக முடிவையும் கடைசித் தீர்ப்பையும் கூறும் அப்பாட்டை, கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவில், உருவிய கத்தியை முகத்திற்கு நேரே ஏந்தி ஒரு சிறுவனோ பெண்ணோ கோயிலில் பாடுவது கட்டலான் நாடுகளின் வழக்கம். பதினாறாம் நூற்றாண்டில் திருச்சபை அதற்குத் தடை விதித்தது. தடையை மீறி மஜோர்க்காத் தீவில் ஜனங்கள் அதைக் காத்தார்கள். பிகேராஸ் அம்மையார் அதை 1988-ல் பாடிப் பதிந்தார். 2010-ல் ஐக்கிய நாடுகளின் கல்விக் கலாசார ஸ்தாபனம் அதை மனித குலத்தின் பொதுச் சொத்தாக அங்கீகரித்தது. மேலிடத்துத் தடையையும் தாங்கிப் பாமர ஜனங்களின் நாவில் நிலைத்தது அந்தப் பாட்டு.

வளர்ச்சியும் ஆக்ஷேபமும்

வேலை பெருகப் பெருக, ஸவால் கோஷ்டிகளையும் பெருக்கினார். வாய்ப்பாட்டுக்கென 1987-ல் ஒரு குழுவும், பிற்கால வாத்தியக் கச்சேரிகளுக்கென 1989-ல் மற்றொரு குழுவும் ஏற்பட்டன. 1991-ல் வெளிவந்த ஒரு பிரெஞ்சு சினிமாப் படத்துக்காக, பதினேழாம் நூற்றாண்டு வித்துவான் மாரேயின் உருப்படிகளை அவர் வாசித்தார். வியோலா த காம்பா என்ற பெயரையே கேட்டறியாத லக்ஷக்கணக்கான ஜனங்கள் அந்நாதத்தைக் கேட்டு உருகினார்கள். 1998-ல் தம் சொந்த இசைத்தட்டு ஸ்தாபனத்தைத் தொடங்கினார். 2011-ல் போர்ஜியா வம்சத்தைப் பற்றிய அவர்களுடைய இசைத் தொகுதிக்கு அமெரிக்காவின் கிராமி பரிசு கிடைத்தது.

ஆக்ஷேபம் சொல்லுவோரும் உண்டு. "பழைய சுவடியில் இல்லாத தாள வாத்தியங்களைச் சேர்க்கிறார், கீழ்நாட்டு வாத்தியங்களைக் கலக்கிறார், அக்காலத்தில் இப்படித்தான் பாடினார்கள் என்பதற்கு என்ன ருசு?" என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. ஸ்வரம் தவிர மற்றெல்லாம் ஊகத்தினால் நிரப்பப்பட்டவை. எந்த ஊகமும் ஐயத்துக்கு அப்பாற்பட்டதன்று. ஆனால் ஊகமே கூடாதென்றால் ஏட்டைப் பூட்டி வைப்பது ஒன்றே வழி. சித்திரத்தில் கிறிஸ்தவனும் முஸ்லிமும் எதிரெதிரே அமர்ந்து வாசிக்கிறார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டு அரசன் பத்தாம் அல்போன்ஸோவின் பாட்டுச் சுவடியிலேயே அத்தகைய படம் இருக்கிறது. ஆகவே, கலப்பு என்பது ஸவால் கற்பித்ததன்று; பிரித்ததே பிற்காலத்தார் செய்த காரியம்.

நம் கரையைத் தொட்ட பாட்டு

இக்கோஷ்டியின் பிற்கால முயற்சிகளில் ஒன்று நம் கரையையும் தொடுகிறது. நவார் நாட்டில் 1506-ல் பிறந்த பிரான்ஸிஸ் சவேரியாரின் யாத்திரையைப் பாட்டால் தொடரும் தொகுதி ஒன்றை 2007-ல் அவர்கள் வெளியிட்டார்கள். சவேரியார் 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்து பரதவரிடையே ஊழியம் செய்தவர். 1549-ல் ஜப்பான் சேர்ந்தவர். ஐபீரியப் பாதிரிமார் கொண்டுசென்ற லத்தீன் துதி ஒன்று ஜப்பானில் இகித்ஸுகித் தீவில் வேரூன்றியது. அந்நாட்டில் கிறிஸ்தவ மதம் தடை செய்யப்பட்ட இரண்டரை நூற்றாண்டுக்கு மேலும், மறைந்து வாழ்ந்த விசுவாசிகள் பொருள் தெரியாத அச்சொற்களை வாய்வழியாகவே காத்தார்கள். அந்தத் துதியைக் கோஷ்டியார் ஐரோப்பிய, இந்திய, ஜப்பானிய வாத்தியங்களில் மாறி மாறி ஒலிக்கச் செய்கிறார்கள். ஏடு அழிந்தாலும் நாவு காக்கும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

2008-ல் எருசலேம் நகரத்தின் மூவாயிரம் ஆண்டுக் கதையை, யூதரும் கிறிஸ்தவரும் முஸ்லிம்களுமான வித்துவான்களை ஒரே மேடையில் அமர்த்திப் பாடினார்கள். 1444 முதல் 1888 வரையிலான அடிமை வியாபாரத்தின் கொடுமையை, மாலி, பிரேஸில் முதலிய நாட்டுக் கலைஞர்களோடு சேர்ந்து மற்றொரு தொகுதியாகச் செய்தார்கள். 2016-ல், யுத்தத்தினால் வீடிழந்து ஐரோப்பாவுக்கு ஓடிவந்த ஸங்கீத வித்துவான்களைத் தேடிச் சேர்த்து, அவரவர் நாட்டுப் பாட்டை அவரவர் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் ஸவால் தொடங்கினார். 1492-ல் துரத்தப்பட்டவர்களின் பாட்டைத் தேடிய மனிதர், தம் கண்முன்னே துரத்தப்பட்டு வந்தவர்களைக் கண்டும் சும்மா இருக்கவில்லை.

மறுத்த பரிசு

2014-ல் ஸ்பெயின் அரசாங்கம் ஸவாலுக்குத் தேசிய ஸங்கீதப் பரிசை அறிவித்தது. பரிசுத் தொகை 30,000 யூரோ. அவர் மறுத்துவிட்டார். தேசத்தின் பழைய ஸங்கீதச் செல்வத்தைக் காப்பதிலும் கலைஞரைப் பேணுவதிலும் அரசாங்கம் காட்டிய அலட்சியத்தை எடுத்துரைத்து, அத்தகைய அரசாங்கத்தின் கையிலிருந்து பரிசு பெறுவது தம் கொள்கைக்குத் துரோகமாகும் என்ற கருத்துப்பட மந்திரிக்குக் கடிதம் எழுதினார். காஸல்ஸ் பூண்ட விரதத்தின் வாசனை அதில் வீசுகிறது. பட்டங்களுக்கும் பதக்கங்களுக்கும் ராஜாங்க வாசலில் காத்து நிற்கும் பெரியோர் எந்தத் தேசத்திலும் குறைவில்லை. வாசல் தேடி வந்த கௌரவத்தை, அதனை அளிக்கும் கை சுத்தமில்லை என்று தள்ளுபவர் எத்தனை பேர்?

அதற்கு மூன்றாண்டு முன்னரே, 2011 நவம்பரில், மொன்ஸெர்ராத் பிகேராஸ் அம்மையார் காலமாகிவிட்டார். நாற்பதாண்டுகளுக்கு மேல் உடன் பாடிய துணையின் நினைவாக ஸவால் அடுத்த ஆண்டு வெளியிட்டது கட்டலான் பாட்டன்று, ஸ்பானியப் பாட்டுமன்று. ஆர்மீனியரின் பழம் பாட்டு. படுகொலைக்கும் நாடு கடத்தலுக்கும் ஆளான ஒரு சிறு ஜாதியாரின் ஸங்கீதத்தில் அவர் தம் துக்கத்திற்கு ஆறுதல் கண்டார்.

நாம் கூற விரும்புவது இதுவே. பழம் பாட்டைத் தேடுவது பின்னோக்கி நடப்பதாகாது. பறிபோன சொத்துக்கு உரிமை கொண்டாடுவதாகும். ஆனால் அந்தச் சொத்தில் நம்முடைய பங்கு மட்டுமே நமக்குப் போதும் என்று இருந்துவிடலாகாது. நாம் துரத்தியவர்களின் பங்கும், நாம் வாயடைத்தவர்களின் பங்கும் அதில் கலந்திருக்கிறது. நம் மொழியைப் பூட்டியவர் யார் என்று கேட்கும் ஒவ்வொரு தேசபக்தரும், நம் சபையில் நாம் பாடவிடாத பாட்டு எது என்றும் தம் நெஞ்சைக் கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறார். முதற் கேள்வியை மட்டும் கேட்பவர்களால் ஆட்சி மாறலாம், நீதி பிறவாது. இரண்டையும் கேட்டவர்கள் பாஸல் நகரத்தில் 1974-ல் நால்வராகவே இருந்தார்கள். நால்வரே போதுமானவராய் இருந்தார்கள் என்பதை நம் வாசகர்கள் மறவாதிருப்பார்களாக.